பெயர் போடாத படம்

சில மாதங்களுக்கு முன் விருத்தாசலத்தில் ஒரு கவிதைத் தொகுதி வெளியீடு. வழக்கம்போல முப்பது பேர். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு நகர்ந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த விமர்சகர் ஒருவர், மேடை ஓரத்தில் கேமராவோடு நின்றவரைக் காட்டி யாரென்று விசாரித்தார். மங்கலம்பேட்டைக்காரர், எந்த ஸ்டுடியோவிலும் சம்பளத்துக்கு இல்லை, தனியாகத் தொழில் செய்கிறார் என்றேன். “ஓ, கல்யாண போட்டோக்காரனா” என்று சொல்லிவிட்டு, விமர்சகர் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார்.

அந்த விமர்சகரின் கடைசிப் புத்தகத்தின் பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்தபடி அவர் யோசனையில் இருக்கிறார். அந்த யோசனையைப் படம் பிடித்தது இதே கல்யாண போட்டோக்காரர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இதே போன்றதொரு கூட்டத்தில் எடுத்தது. புத்தகத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கிறது, அட்டை ஓவியர் பெயர் இருக்கிறது. படம் எடுத்தவர் பெயர் இல்லை.

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்கு வந்து என் புத்தகங்கள் இரண்டையும் புரட்டினேன். இரண்டிலும் பின்னட்டையில் நான் இருக்கிறேன். இரண்டும் அவர் எடுத்தவை. இரண்டிலும் அவர் இல்லை.

எனவே இது அந்த விமர்சகருக்கு மட்டும் எழுதுவதல்ல. சிறுபத்திரிகை நடத்துகிற, அதில் எழுதுகிற, அதை வாசிக்கிற நம் இருநூறு முந்நூறு பேருக்கும், முதலில் எனக்கும், எழுதுவது.

ஆவணி மாதத்தில் ஒரு வாரம் அவர் பின்னாலேயே அலைந்தேன். அவரை ஆராய்வதற்காக அல்ல. ‘கல்யாண போட்டோக்காரன்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க. ஆடியில் தொழில் படுத்துவிடும். ஆவணி பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. 1965-ல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் கூட்டாளிகளும் புகைப்படம் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார்கள். குடும்பம் தன் சடங்குகளைத் தானே உறுதிசெய்துகொள்ளப் புகைப்படத்தை வைத்திருக்கிறது என்பது அதில் ஒரு முக்கியமான வாதம். மங்கலம்பேட்டையில் இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். பஞ்சாங்கம் போதும்.

ஞாயிறு. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபம். ஆறு மணிக்குள் முகூர்த்தம். இரண்டரைக்கு வண்டியை எடுத்தார். பின்னால் நான், என் மடியில் விளக்குப் பை. பெண் வீட்டார் கையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: தாய்மாமன் மூன்று பேர், அதில் நடு மாமனும் மூத்தவரும் பேசுவதில்லை, இருவரையும் ஒரே சட்டத்தில் நிறுத்தக்கூடாது, ஆனால் ஆல்பத்தில் இருவரும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். எந்த நாவலாசிரியனுக்கும் இவ்வளவு தெளிவாக யாரும் கதைக்கட்டைச் சொல்லித்தந்ததில்லை. மதியத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி.

திங்கள். ஒரு குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. குழந்தை அழுகிற கணம் வேண்டும். ஆனால் அழுகிற குழந்தையைத் தாய் பார்க்கிற முகம் அதைவிட வேண்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அவர் தாயின் பக்கம் நின்றார். ஏனென்று கேட்டேன். “கொழந்த எல்லா வீட்லயும் ஒரே மாதிரிதாண்ணா அழுவும்” என்றார்.

செவ்வாய். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்று. அந்த ஊர்ப் பீங்கானை நாம் தினமும் தொடுகிறோம், தெரியாது: ஃபியூஸ் கட்டை, அகல், கொலுப் பொம்மை. புரட்டாசிக் கொலுவுக்கு முன் பொம்மைகளின் விலைப்பட்டியலுக்குப் படம் வேண்டுமென்றார்கள். மெருகு ஏற்றிச் சுட்ட பீங்கானைப் படமெடுப்பது சாமானியமல்ல. ஜன்னல், விளக்கு, எடுக்கிறவனின் சட்டை, எல்லாமே அதன் வயிற்றில் தெரியும். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினார், விளக்குக்கு முன்னால் எண்ணெய்த்தாளை நிறுத்தி ஒளியை மெத்தென்றாக்கினார், தான் ஒரு கறுப்புப் போர்வைக்குள் புகுந்துகொண்டார். ஒரு பிள்ளையார் பொம்மைக்கு முக்கால் மணி நேரம். பிம்பத்தில் தன் நிழல் விழக்கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடுவதை நான் பார்த்ததில்லை. நம் கவிதைகளில் பொருளைவிடக் கவிஞனின் சட்டைதான் அதிகம் தெரிகிறது.

புதன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாழன். ஒரு சாவு. எழுபது தாண்டிய அம்மாள், கூலி வேலை செய்து வாழ்ந்தவர். தெருவில் கட்ட ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வேண்டும், வீட்டில் மாட்டப் பெரிய படம் வேண்டும். கையிலிருந்த ஒரே படம் வாக்காளர் அட்டை. 1993-ல் சேஷன் காலத்தில் புகைப்பட அடையாள அட்டை வந்திராவிட்டால் இந்த நாட்டில் எத்தனை முகங்கள் ஒருமுறைகூடப் பதிவாகாமலே போயிருக்கும் என்று நாம் யோசித்ததில்லை. ஆனால் அட்டையில் இருந்தது முகமல்ல, ஒரு கறை. அவர் தன் பழைய வன்தட்டுகளை எடுத்து உட்கார்ந்தார். நான்கு வருஷத்துக்கு முன் அதே தெருவில் எடுத்த ஒரு கல்யாணம். பந்திப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பந்தியின் மூன்றாவது இலையில் அந்த அம்மாள் கிடைத்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, யாரோ சொன்ன பேச்சுக்குச் சிரித்தபடி. இலையையும் பக்கத்து ஆளையும் வெட்டி எடுத்துவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கினார். மகன் வந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அரைமணி கழித்து, “எங்க அம்மா சிரிச்சத நான் பாத்ததில்ல சார்” என்றான்.

வெள்ளி. ஜும்மா முடிந்த பிறகு ஊரிலேயே ஒரு நிக்காஹ். பெண்கள் பகுதிக்கு இவர் போகமுடியாது. மனைவி இன்னொரு கேமராவோடு உள்ளே போனார். மனைவி எடுத்தவற்றில் இரண்டு, அன்று எடுத்த எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன. அதை என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். இரவு பெரிய ஸ்டுடியோ ஒன்றுக்கு இரண்டாவது கேமராவாக ஒருநாள் கூலிக்கு வரவேற்பு வேலை. அந்த ஆல்பத்தில் இவர் பெயர் இராது.

சனி. காலையில் ஆல்பத்துக்குப் படம் தேர்வு. மதியம் பாக்கி வசூலிக்க மூன்று வீடுகள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், பணம் கொடுத்தது ஒரு வீட்டில் மட்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு பத்திரிகையாசிரியர் போனில் வந்தார். சிறப்பிதழ் அச்சுக்குப் போகிறது, ஐந்து எழுத்தாளர்கள் படம் அவசரம், விடிவதற்குள் வேண்டும். காசைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து அனுப்பினார். இதழ் வந்தது. ஐந்து படங்கள். பெயர் இல்லை.

ஏழு நாட்களில் பணம் கொடுக்காத, நன்றி சொல்லாத, பெயரும் போடாத ஒரே வாடிக்கையாளர்கள் நாம்தான். பாக்கி வைத்த வீட்டார்கூட காபி கொடுத்தார்கள்.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

நம்மிடம் புழங்குகிற ஒரு நம்பிக்கை இது: கூலிக்குச் செய்வது தொழில், தனக்காகச் செய்வது கலை. கூலி எங்கே முடிகிறதோ அங்கே கலை தொடங்குகிறது. நாம் வியாபாரப் பத்திரிகைக்கு எதிராகக் கட்டிய சுவர் இது. அந்தச் சுவர் ஒரு காலத்தில் தேவைப்பட்டது. இன்று அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றுக்கு வேலை செய்கிறவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம். நாம் வாத்தியாராகவும், வங்கி குமாஸ்தாவாகவும், தபாலாபீஸ் ஊழியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டு மாலையில் கலைஞர்களாகிறோம். அவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கண்ணும் கையும்தான் அவருடைய ஆபீஸ். நமக்குப் பென்ஷன் உண்டு என்பதால் நம் கலை சுத்தமாகிவிடாது.

நாம் மேற்கோள் காட்டச் சலிக்காத ரோலண்ட் பார்த்தையே எடுத்துக்கொள்வோம். 1980-ல் வெளிவந்த அவருடைய புகைப்பட நூல், நம் கட்டுரைகளில் எத்தனை முறை வந்துவிட்டது! அந்த நூல் முழுவதும் ஒரே ஒரு படத்தைச் சுற்றி நிற்கிறது. 1977-ல் இறந்த தன் தாயின் முகத்தைப் பழைய படங்களில் தேடுகிறவர், 1898-ல் எடுத்த ஒரு படத்தில் கண்டுபிடிக்கிறார். ஐந்து வயதுச் சிறுமியாக, அண்ணனோடு, கண்ணாடிக் கூரையிட்ட ஒரு தோட்டத்தில் அவள் நிற்கிறாள். எடுத்தது யார்? ஷென்வியேர்-சூர்-மார்ன் என்ற சிற்றூரின் போட்டோக்காரர். குடும்பம் கூப்பிட்டது, வந்தார், பிள்ளைகளை நிறுத்தினார், எடுத்தார், கூலி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பெயர் தெரியாத ஆளைப் பார்த் பெரும் கலைஞரான நாதாருக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார். நம் விமர்சகர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார். நூலை மேற்கோள் காட்டுகிறவர் அந்தச் சிற்றூர்க்காரரை மட்டும் எப்படித் தவறவிட்டார்?

இன்னொன்று. மாலி நாட்டின் பமாகோவில் 1948-ல் ஸ்டுடியோ திறந்தவர் சேடு கெய்தா. குடும்பங்கள், ஜோடிகள், புதுச்சட்டை போட்டு வந்த குமாஸ்தாக்கள். வந்தவர்களைக் காசுக்குப் படமெடுத்தார். 1991-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன, எடுத்தவர் பெயர் தெரியாது என்ற குறிப்போடு. மனுஷன் அப்போது பமாகோவில் உயிரோடுதான் இருந்தார். 1994-ல் பாரிஸில் தனிக் கண்காட்சி, உடனே மேதை. இந்த மூன்று வருஷத்தில் படம் மாறவில்லை. பெயரைக் கேட்க யாரோ ஒருவர் சிரமம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எதிர்வாதம் தயாராக இருக்கும், எனக்குத் தெரியும். அட்ஜே! பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் எடுத்து ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். 1926-ல் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட முன்வந்தபோது, தன் பெயர் வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று மறுத்தார். கலைஞனுக்குப் பெயர் எதற்கு என்பார்கள். அருமை. ஆனால் அட்ஜேயிடம் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். கேட்கப்பட்டு மறுப்பதும், கேட்காமலே அழிப்பதும் ஒன்றல்ல. பெயரை விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை பெயர் உடையவனுக்கு உரியது. அதை அவன் சார்பில் நாம் செய்வதற்கு வேறு சொல் இருக்கிறது.

சட்டத்திலும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டாருக்கு ஆல்பம் சொந்தம், நியாயம். நாம் பணம் கொடுக்கவில்லை. ஆகவே நம் பின்னட்டைகளில் இருக்கும் அத்தனை யோசனை முகங்களும் இன்னும் அவருக்கே சொந்தம். 57-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது. 1947-ல் காப்பாவும் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனும் மற்றவர்களும் மாக்னம் கூட்டுறவைத் தொடங்கியதில் ஒரு பெரிய காரணம் இந்த உரிமைதான்: படம் பத்திரிகைக்காரனுக்குப் போனாலும் உரிமை எடுத்தவனிடம் நிற்கவேண்டும். உலகப் புகழ் பெற்றவர்களுக்கே அதற்கு ஒரு சங்கம் வேண்டியிருந்தது. மங்கலம்பேட்டைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

திறமையிருந்தால் பெயர் தானே வரும் என்பார் ஒருவர். புதுவை இளவேனில் இல்லையா, கி. ராஜநாராயணனை வருஷக்கணக்காக எடுத்தாரே. பழனிகுமார் இல்லையா, மலக்குழிச் சாவுகளைப் பின்தொடர்ந்து எடுத்து உலகத்தையே பார்க்கவைத்தாரே. உண்மை. அவர்கள் பெயர் தெரிந்ததற்கு நாம் காரணமல்ல என்பதும் உண்மை. பாரதியின் படங்கள் என நமக்குக் கிடைத்திருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். தலைப்பாகையும் அந்தக் கண்களும் இல்லாமல் நமக்குப் பாரதி இல்லை. அந்தக் கண்களை எடுத்தவர்கள் யார் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? 1957-லேயே ரா. அ. பத்மநாபன் ‘சித்திர பாரதி’ கொண்டுவந்தார், படங்களின் சரித்திரம் மதிப்புள்ளது என்று காட்டினார். அதற்குப் பிறகும் நமக்கு உறைக்கவில்லை.

அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அவருடைய வேலையில் பெரும்பகுதி மோசம். அதை அவரே சொல்கிறார். மணமக்களின் பின்னால் சுவிட்சர்லாந்து வருகிறது. கறுத்த பெண்ணுக்கு நிறம் ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றுகிறார். செவ்வாயன்று பீங்கானில் தன் நிழல் விழாமல் காத்தவர், சனிக்கிழமை ஒரு பெண்ணின் தோலைத் திருத்துகிறார். “அந்தப் பொண்ணு ஆல்பத்தப் பாத்துட்டு, இது நானான்னு கேட்டுச்சிண்ணா. அதுலேர்ந்து பாதிதான் ஏத்தறன்” என்றார். பாதி ஏற்றுவதும் தவறுதான். ஆனால் தோழர்களின் தொகுதிகளுக்கு முன்னுரை என்ற பெயரில் நாம் ஏற்றுகிற நிறத்தை எந்த அளவில் நிறுத்துகிறோம்? நம்மில் எவர் பாதியோடு நிறுத்தியிருக்கிறார்?

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பம்மாத்து. நம் பத்திரிகைகள் புகைப்படத்தைக் கலையென்று ஏற்றுக்கொள்கிற அபூர்வ தருணங்களில் எதைப் போடுகின்றன? கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த கிழவி. வெடித்த நிலம். வெறித்த குழந்தை. ஏழையின் முகம் நமக்குத் துயரமாகவே வேண்டும்; அப்போதுதான் அது நவீனம். அந்த அம்மாள் பந்தியில் அப்பளம் நொறுக்கிச் சிரித்த படம் எந்த இதழுக்கும் அட்டையாகாது. அவளை அப்படிப் பார்த்தவன் கூலிக்காரன். அவளைக் கூலியாக மட்டும் பார்ப்பவர்கள் நாம்.

இப்போது புதன்கிழமை.

புதனன்று காலை ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். இரண்டு நண்பர்கள் கூட வந்தார்கள், வேறு சொந்தம் யாரும் இல்லை. 1967-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறதே, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். பதிவுக்குப் படம் வேண்டும். மாலை மாற்றுகிறபோது ஒன்று, பாஸ்போர்ட் அளவில் ஆளுக்குச் சில. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது கேமரா இயங்கியது. பிறகு நான் அதைத் திரையில் பார்த்தேன். மாலை கழுத்தில் பாதி விழுந்திருக்கிறது, கை அவன் சட்டையைப் பிடித்திருக்கிறது, கண் வாசலில் இருக்கிறது. நான் இதுவரை பார்த்த தமிழ்ப் படங்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று அது.

எனக்கு உடனே என்ன தோன்றியது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நம் அடுத்த இதழின் அட்டை. கேட்டேன். இந்த முறை பெயரோடு, சன்மானத்தோடு என்றுகூடச் சொன்னேன்.

“படம் நல்லா வந்துருக்குண்ணா. அதனாலதான் குடுக்கமாட்டன்” என்றார்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. 2003-ல் அங்கே கண்ணகி, முருகேசன் என்ற இருவர், சாதி மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக, ஊரார் பார்க்க விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. பதினெட்டு வருஷம். இந்த மண்ணில் ஒரு ஜோடியின் படம் வெளியே போவதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவர் பார்த்தைப் படித்ததில்லை. பார்த் தன் தாயின் அந்த ஒரே படத்தை மட்டும் புத்தகத்தில் அச்சிடவில்லை. அது தனக்கு மட்டும்தான் படம், மற்றவர்களுக்கு இன்னொரு பழைய படம் என்றார். மங்கலம்பேட்டைக்காரரின் காரணம் அதைவிடக் கடினமானது. அந்தப் படம் மற்றவர்களுக்கும் படம்தான். தேடுகிறவர்களுக்குக்கூட. அவர்களுக்குப் பிரதி கொடுத்துவிட்டு, தன் தட்டிலிருந்தும் அழித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படைப்பை அழிக்கிறவன் முகத்தில் இருக்கவேண்டிய சோகம் எதுவும் இல்லை. அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது.

எதைக் காட்டுவது என்று தேர்வது கலை என்று நாம் எழுதிவருகிறோம். எதைக் காட்டக்கூடாது என்று தேர்கிறவனைப் பற்றி நம்மிடம் ஒரு கட்டுரைகூட இல்லை. பிரசுரம் ஒன்றையே மோட்சமாக நினைக்கிற கூட்டம் நாம். கையெழுத்துப் பிரதியை அழித்ததாக நாம் சொல்லிக்கொள்கிற கதைகளில்கூட, அழித்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் இருந்ததில்லை.

கோரிக்கைகள் சிறியவை. படம் போட்டால் எடுத்தவர் பெயரைப் போடுங்கள், அச்சகத்தின் பெயர் வருகிற அதே எழுத்தளவில். நூறு ரூபாயானாலும் கொடுங்கள். நம் பத்திரிகைகள் கட்டுரைக்குக் காசு கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் கட்டுரை எழுத எனக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பதில்லை. போடுவதற்கு முன் கேளுங்கள், எடுத்தவரையும் எடுக்கப்பட்டவரையும். என் இரண்டு புத்தகங்களிலும் கையிருப்பில் இருந்த பிரதிகளை வாங்கிவந்து, பின்னட்டையில் அவர் பெயரை ரப்பர் முத்திரையாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். கோணலாகத்தான் விழுகிறது.

ஒரு கேள்வி மிச்சம். இவ்வளவு எழுதியும் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் எங்கே? போடுவதாக இருந்தேன். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். தன் பெயர் தெரிந்தால் கடை தெரியும், கடை தெரிந்தால் அன்று யார் வந்தார்கள் என்று கேட்க ஆள் வரும் என்றார். நாளையும் கிழமையையும் வேலைகளையும் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

கேட்டேன், வேண்டாம் என்றார். இந்த ஒரு இடத்தில்தான்.